மெல்லிய முனை கீழே

ஃபெலிசியாவுக்குத் தன்மேல் இருந்த நம்பிக்கையில் கால்வாசி நமக்கு இருந்தால் போதும், பிழைத்துக்கொள்வோம். வைவா என்கிற வாய்மொழித் தேர்வுக்கு இன்னும் ஆறே நாள். மற்றவர்களாயிருந்தால் இந்த நேரத்தில் சோறு இறங்காமல், கண்ட சாமிக்கெல்லாம் நேர்ந்துகொண்டு திரிவார்கள். அவளோ வியாழக்கிழமை காலை இரண்டு ரொத்தி சானாயை ஒரு கை பார்த்துவிட்டு, ஜொகூர் பாருவுக்கு வெளியே இருந்த அந்த ஆய்வுக்கூடத்துக்குச் சாவகாசமாக வந்து சேர்ந்தாள். ஐந்து வருட வேலை, இருநூற்றுப் பத்துப் பக்க ஆய்வேடு, எல்லாம் முடிந்து தேர்வாளர்கள் கைக்குப் போயாகிவிட்டது. புதன்கிழமை அவர்கள் கேட்பதற்குப் பதில் சொல்லிவிட்டு டாக்டர் பட்டத்தோடு வெளியே வர வேண்டியதுதான் பாக்கி.

அவள் என்னதான் ஆராய்ச்சி செய்கிறாள் என்று பாலோ என்ற ஊரில் பாமாயில் ஆலையில் வேலை பார்க்கும் அவளுடைய அப்பாவே ஒருமுறை கேட்டார். அவருக்குப் புரியும்படி அவள் சொன்னதையே நானும் சொல்கிறேன். டான்டலம் டைசல்ஃபைடு என்று ஒரு படிகம். சீட்டுக்கட்டு மாதிரி அடுக்கடுக்காக இருக்கும். ஒட்டும் டேப்பை அதன்மேல் ஒட்டி உரித்து, உரித்ததை மறுபடியும் உரித்து, கடைசியில் சில அணு அடுக்குகள் மட்டுமே கனமுள்ள ஒரு துணுக்கைப் பிரித்தெடுத்துவிடலாம். சாதாரணமாக அதில் மின்சாரம் ஓடும். மைனஸ் தொண்ணூறு டிகிரி வாக்கில் குளிரவைத்தால் உள்ளே ஓடிக்கொண்டிருந்த எலக்ட்ரான்கள் ஆளுக்கோர் இடம் பிடித்து உட்கார்ந்துவிடும். அப்புறம் மின்சாரம் ஓடாது. பொருள் அதேதான், குணம்தான் வேறு. அந்த மாற்றம் துணுக்கின் எந்த மூலையில் தொடங்கி எப்படிப் பரவுகிறது என்று படம் பிடிப்பதுதான் அவளுடைய வேலை.

படம் என்றால் கேமரா படம் இல்லை. மிகக் கூரான ஊசி ஒன்று, அதன் நுனியில் அகச்சிவப்பு ஒளி. அந்த ஊசி துணுக்கின்மேல் வரி வரியாக, நாம் புத்தகம் படிப்பதுபோல மேலிருந்து கீழாக நகரும். மின்சாரம் ஓடும் இடம் கணினித் திரையில் வெளிச்சமாக விழும், ஓடாத இடம் இருட்டாக விழும். ஒரு படம் முடிய இருபத்தைந்து நிமிடம் ஆகும்.

உரித்த துணுக்கு ஒரு முனையில் தடித்தும் மறுமுனையில் மெலிந்தும் இருப்பது வழக்கம். இதுவரை ஆறு துணுக்குகளைப் படம் பிடித்திருந்தாள். ஆறிலும் மேல்பாதி வெளிச்சம், கீழ்பாதி இருட்டு. கீழே இருந்தது மெல்லிய முனை. ஆகவே மெல்லிய முனைதான் முதலில் மாறுகிறது. இதுதான் அவள் கண்டுபிடித்தது, ஆய்வேட்டின் நான்காம் அத்தியாயம், மற்ற அத்தியாயங்களைத் தாங்கி நிற்கும் தூணும் அதுதான். பினாங்கிலிருந்த பேராசிரியர் சபாபதி எட்டு வருடங்களுக்கு முன் இதே மாதிரி ஒரு படத்தை வெளியிட்டுப் பெரிய பெயர் எடுத்திருந்தார். துணுக்கை மெல்லிய முனை கீழே வரும்படி மாட்டுங்கள், அப்போதுதான் ஒருவர் படத்தை இன்னொருவர் படத்தோடு ஒப்பிட முடியும் என்று அந்தக் கட்டுரையில் எழுதியிருந்தார். அன்றிலிருந்து இந்தத் துறையில் எல்லாரும் அப்படித்தான் மாட்டினார்கள். ஃபெலிசியாவும் ஐந்து வருடமாகக் கண்ணை மூடிக்கொண்டு அப்படியே மாட்டினாள். அந்தச் சபாபதிதான் புதன்கிழமை அவளைக் கேள்வி கேட்க வரும் வெளித்தேர்வாளர்.

வியாழக்கிழமை அவள் வந்தது ஏழாவது துணுக்குக்காக. தேவையே இல்லை, ஆறே போதும். ஆனால் ஏழு என்று திரையில் காட்டினால் எடுப்பாக இருக்கும் என்று ஆசை. துணுக்கு உட்கார்ந்திருந்த சிலிக்கான் சில்லின் ஒரு மூலை உடைந்துபோயிருந்தது. கவ்வி அந்தப் பக்கம் பிடிக்கவில்லை. அதனால் சில்லைத் தலைகீழாகத் திருப்பி மாட்டினாள். மெல்லிய முனை இந்தமுறை மேலே வந்தது. பரவாயில்லை, படத்தைக் கணினியில் திருப்பிக்கொண்டால் ஆயிற்று என்று நினைத்து, திரவ நைட்ரஜனைத் திறந்துவிட்டுக் கோப்பி குடிக்கப் போனாள்.

பதினொரு மணிக்கு வந்து பார்த்தபோது படம் தயாராக இருந்தது. மேலே வெளிச்சம், கீழே இருட்டு, வழக்கம்போலவே. திருப்தியோடு ஒரு பொத்தானைத் தட்டிப் படத்தைத் தலைகீழாகத் திருப்பினாள். இருட்டு மேலே போய்விட்டது. அவள் முகம் சுளித்தாள். கோப்பு மாறிவிட்டதா என்று தேதியைப் பார்த்தாள், சரியாகத்தான் இருந்தது. மறுபடி திருப்பினாள், மறுபடி பார்த்தாள். மெல்லிய முனை வெளிச்சமாக இருந்தது. தடித்த முனை இருட்டாகியிருந்தது.

எங்கே எது தப்பு என்று கண்டுபிடிக்க அவளுக்கு நாலு நிமிடம்கூட ஆகவில்லை. கெட்டிக்காரிதானே. குளிரூட்டி நிமிடத்துக்கு அரை டிகிரி வீதம் நிற்காமல் இறங்கிக்கொண்டே இருந்தது. ஊசி முதல் வரியைத் தொட்டபோது துணுக்கு மைனஸ் எண்பத்தைந்தில் இருந்தது. கடைசி வரிக்கு வந்து சேர்வதற்குள் மைனஸ் தொண்ணூற்றேழு. மேல்பாதி, மாற்றத்துக்கு முன் எடுத்த படம். கீழ்பாதி, மாற்றத்துக்குப் பின் எடுத்த படம். கீழே எந்த முனையை வைத்தாலும் அது இருட்டாகத்தான் விழும். ஆறு துணுக்கிலும் அவள் பார்த்தது மெல்லிய முனையை அல்ல, கடிகாரத்தை.

நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டாள். அவமானமாக இருந்தது. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை திருப்பி மாட்டிப் பார்த்திருந்தால் ஐந்து வருடத்துக்கு முன்பே தெரிந்திருக்குமே என்று தன்னைத்தானே வாய்விட்டுத் திட்டிக்கொண்டாள். அதோடு விட்டதா? சபாபதியின் கட்டுரையை எடுத்து, முறைகளை விவரித்த பக்கத்தைத் தேடினாள். நிமிடத்துக்கு அரை டிகிரி, நிறுத்தாமல், மேலிருந்து கீழாக. எழுத்துப் பிசகாமல் அவளுடைய செய்முறையும் அதுதான். பெரியவரும் எட்டு வருடமாகக் கடிகாரத்தைத்தான் படம் பிடித்து வைத்திருந்தார்.

மத்தியானம் கேண்டீனில் தன் மேற்பார்வையாளர் டாக்டர் குணாளனைப் பிடித்து விஷயத்தைச் சொன்னாள். குணாளன் நல்ல மனிதர். யாரையும் பகைத்துக்கொள்ளாமலே ஐம்பத்திரண்டு வயதுவரை வந்துவிட்டவர். அவர் நாசி லெமாக் பொட்டலத்தை அப்படியே மூடிவைத்தார்.

"அலமாக்! இப்பப் போயா இதச் சொல்ற?"

"இப்பதானே டாக்டர் கண்டுபிடிச்சேன்."

"யாருகிட்டயாவது சொன்னியா?"

"உங்ககிட்டதான் மொத."

அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "இங்க பாரும்மா. தீசிஸ் அவங்க கையில இருக்கு. அதுல உள்ளத மட்டும் பேசு. வைவா முடியட்டும், பாஸ் ஆயிரு. அப்புறம் நிதானமா ஒரு பேப்பர் எழுதித் திருத்திக்கலாம் லா. ஒனக்குப் பிடிக்காட்டியும் நான் சொல்றேன், இது பொய் இல்ல. தள்ளி வைக்கிறோம், அவ்வளவுதான்."

"அவரு நாலாவது சாப்டரப் பத்திக் கேட்டா?"

"கேப்பாரு. புகழ்ந்து கேப்பாரு. அது அவரு பேப்பருக்குச் சாட்சி இல்லையா? நீ தப்புன்னு சொன்னா ஒன்னுது மட்டுமா தப்பு? அந்த மனுஷன் மொகத்துக்கு நேரா அவரையும் சேத்துத்தானே சொல்ற. பாஸா ஃபெயிலான்னு எழுதப்போறதே அவருதான்."

ஃபெலிசியா கோப்பியைக் கலக்கிக்கொண்டே இருந்தாள். அவர் சொன்னது அத்தனையும் நியாயம் என்பதுதான் அவளுக்கு எரிச்சல்.

"ஆறு நாள் இருக்கு டாக்டர். திரும்ப எடுத்துடறேன்," என்றாள்.

"எதை?"

"படத்த. சரியா."

சாயங்காலம் அவள் கணவன் கால்வின் சிங்கப்பூரிலிருந்து பாலம் கடந்து, மோட்டார் சைக்கிள் நெரிசலில் ஒன்றரை மணி நேரம் வெந்து, வீட்டுக்கு வந்தான். அங்கே ஏர்கான் பழுதுபார்க்கும் வேலை அவனுக்கு. ஹெல்மெட்டைக் கழற்றுவதற்குள் அவள் முழுக்கதையையும் கொட்டிவிட்டாள். அவன் சோபாவில் சாய்ந்தபடி விழித்தான்.

"ஒண்ணும் புரியல. படம் எப்படிப் பொய் சொல்லும்?"

"ஈஸ்டருக்குச் சர்ச் வாசல்ல எல்லாரையும் நிக்க வச்சு பனோரமா எடுத்தியே, ஞாபகம் இருக்கா? ஒன் தம்பி இந்தக் கோடியில நின்னுட்டு, நீ ஃபோனத் திருப்பறதுக்குள்ள பின்னாடியே ஓடி அந்தக் கோடிக்கும் போயிட்டான்."

"ரெண்டு தம்பி வந்தான்." கால்வினுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ஆங். என் பிஎச்டில ஆறு தடவ ஒன் தம்பி ஓடியிருக்கான்."

அவன் சிரிப்பை நிறுத்தி அவளை உற்றுப் பார்த்தான். "சரி, அப்ப ஓடாம நிக்கச் சொல்லு."

அதைத்தான் அவளும் நினைத்திருந்தாள். குளிரூட்டியை நிறுத்தி, வெப்பம் ஒரே இடத்தில் நிலைத்த பிறகு படம் எடுக்க வேண்டும். ஏன் இதுவரை யாரும் அப்படிச் செய்யவில்லை? நிறுத்தினால் ஊசி கொஞ்சம் கொஞ்சமாக நழுவி இடம் தவறிப்போகும். ஒரே சீராக இறங்கினால் நழுவலும் சீராக இருக்கும், கணக்கில் கழித்துவிடலாம். வசதி என்று தொடங்கியது வழக்கமாகி, வழக்கம் சட்டமாகிவிட்டது. அவ்வளவுதான் சங்கதி.

சனி, ஞாயிறு, திங்கள் மூன்று நாளும் காலை ஏழு மணிக்கெல்லாம் ஆய்வுக்கூடத்தில் இருந்தாள். புதிய துணுக்கு ஒன்றின் ஓரத்தில் தங்கத்தில் மூன்று பொட்டு வைத்து, ஊசி எவ்வளவு நழுவினாலும் அந்தப் பொட்டுகளை வைத்து இடத்தைக் கண்டுபிடித்தாள். ஒவ்வொரு டிகிரியிலும் நாற்பது நிமிடம் காத்திருந்தாள். பிறகு மேலிருந்து கீழாக ஒரு படம், கீழிருந்து மேலாக ஒரு படம். இரண்டும் ஒன்றாக இருந்தால்தான் அடுத்த டிகிரி. ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் இடி இடித்து மின்சாரம் போய்விட்டது. துணுக்கு சூடாகிப் பழைய நிலைக்குத் திரும்பிவிட, அன்றைய வேலை முழுக்க வீண். அவள் யார் யாரையோ மலாயில் திட்டிவிட்டு, முதலிலிருந்து ஆரம்பித்தாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள் என்றால் அது வெறும் பேச்சுக்காக இல்லை.

திங்கட்கிழமை மத்தியானம் அது வந்தது. மைனஸ் எண்பத்தொன்பதில், தடித்த முனையில், சின்னச் சின்ன இருட்டுத் தீவுகள். மேலிருந்து எடுத்தாலும் கீழிருந்து எடுத்தாலும் அதே தீவுகள், அதே இடத்தில். அடுத்த டிகிரியில் தீவுகள் பெருத்து ஒன்றையொன்று தொட்டன. அதற்கடுத்த டிகிரியில் தடித்த பாதி முழுக்க இருண்டது. மெல்லிய முனை மட்டும் பிடிவாதமாக வெளிச்சமாகவே இருந்து, மைனஸ் தொண்ணூற்று நான்குக்கு வந்த பிறகுதான் அடங்கியது. மறுநாள் துணுக்கைத் திருப்பி மாட்டி இன்னொரு முறையும் எடுத்தாள். மாற்றமே இல்லை. அவள் எழுதியதும் பெரியவர் எழுதியதும் நேர்மாறு. மெல்லிய முனை முதலில் மாறவில்லை, கடைசியில்தான் மாறியது.

இத்தனைக்கும் நடுவில் அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அறையில் யாரும் இல்லாததால் ஒரு சுற்று ஆடியும் பார்த்தாள். ஐந்து வருடத்தில் முதல்முறையாக, அந்தப் பொருள் உண்மையில் என்ன செய்கிறது என்பதை அவள் பார்த்திருந்தாள். ஃபெயில் ஆனாலும் இதை யாரும் பிடுங்கிக்கொள்ள முடியாது என்று தோன்றியது.

புதன்கிழமை பத்து மணிக்கு வைவா. மேசைக்கு அந்தப்பக்கம் தலைமை வகித்த மலாய் அம்மையார், உள்தேர்வாளர் ஒருவர், நடுவில் சபாபதி. அறுபது வயது இருக்கும், ஒல்லி, மடிப்புக் கலையாத முழுக்கைச் சட்டை. ஆய்வேட்டின் ஓரமெல்லாம் பென்சிலில் குறித்து வைத்திருந்தார். மேற்பார்வையாளர் வாய் திறக்கக்கூடாது என்பது விதி. குணாளன் பின்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பேச்செல்லாம் ஆங்கிலத்தில்தான் நடந்தது. முதல் மூன்று அத்தியாயங்களையும் அவள் பத்து நிமிடத்தில் முடித்தாள். பிறகு நிமிர்ந்து நின்று, நான்காம் அத்தியாயம் தவறு, போன வியாழக்கிழமை கண்டுபிடித்தேன், எப்படித் தவறு என்று இப்போது காட்டுகிறேன் என்றாள். குரல் நடுங்கவில்லை. அம்மையார் பேனாவைக் கீழே வைத்தார். உள்தேர்வாளர் ஆய்வேட்டை அவசரமாகப் புரட்டினார். திருப்பி மாட்டிய ஏழாவது துணுக்கைக் காட்டினாள். ஊசி எந்த நேரத்தில் எந்த வரியில் இருந்தது, அப்போது வெப்பம் எவ்வளவு என்று காட்டினாள். கடைசியில் நிறுத்தி நிறுத்தி எடுத்த படங்களை வரிசையாக ஓடவிட்டாள். தன் ஆறு துணுக்குகளைப் பற்றி மட்டுமே பேசினாள். சபாபதியின் கட்டுரையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த மட்டுக்காவது அடக்கமாக இரு என்று குணாளன் முந்தின நாள் கெஞ்சிக் கேட்டிருந்தார், அவளும் சரி என்றிருந்தாள்.

சபாபதி கடைசிப் படத்தை மறுபடி போடச் சொன்னார். எழுந்து திரைக்குப் பக்கத்தில் போய், மூக்கு உரசுகிற அளவுக்கு நெருங்கி, தடித்த முனையில் இருந்த தீவுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். திரும்பியபோது ஆங்கிலத்தை விட்டுவிட்டார்.

"எவ்வளவு நேரம் நிறுத்தி வச்சீங்க?"

"நாப்பது நிமிஷம் சார். ஒவ்வொரு டிகிரிக்கும்."

"ரெண்டு பக்கமும் ஸ்கேன் பண்ணீங்களா?"

"பண்ணேன் சார். ரெண்டும் ஒண்ணாதான் வந்துச்சு."

"ஒங்க ஆறு ஃபிளேக்கும் தப்புன்னு சொன்னீங்க. சரி." அவர் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "என்னோடது?"

பின்வரிசையில் குணாளன் கண்ணை மூடிக்கொண்டார். ஃபெலிசியாவுக்கு அன்றைக்கு முதல்முறையாகப் பயமாக இருந்தது. உங்கள் கருவி வேறு, உங்கள் துணுக்கு வேறு, எனக்குத் தெரியாது என்று சொல்லலாம். அது முழுப்பொய்யும் இல்லை. சொல்லிவிட்டால் எல்லாரும் நிம்மதியாக மூச்சுவிடுவார்கள், அவளும் பட்டத்தோடு வீட்டுக்குப் போகலாம்.

"உங்களோடதும் தப்புதான் சார்," என்றாள். "அதைப் பாத்துத்தான் நானும் பண்ணேன். நீங்களும் நிறுத்தல, நானும் நிறுத்தல."

சபாபதி நாற்காலிக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தார். பென்சிலை எடுத்தார், வைத்தார். தமிழ் தெரியாத மற்ற இருவரும் என்ன நடக்கிறது என்று மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெரியவர் முகத்தில் கோபம் இல்லை. வலி இருந்தது, அதை அவர் மறைக்கவும் இல்லை.

"எட்டு வருஷம்," என்றார். "நூத்துக்கணக்குல ஆளுங்க அந்தப் பேப்பரப் பாத்துத்தான் வேல செஞ்சாங்க. ஒருத்தராவது திருப்பி மாட்டிப் பாக்கல. நானும் பாக்கல."

பிறகு மற்றவர்கள் பக்கம் திரும்பி, நடந்ததை ஆங்கிலத்தில் சுருக்கமாகச் சொன்னார். தன் கட்டுரையிலும் இதே பிழை இருப்பதாகத் தான் நினைப்பதையும் சேர்த்தே சொன்னார். ஃபெலிசியாவையும் குணாளனையும் வெளியே அனுப்பிவிட்டு மூவரும் முக்கால் மணி நேரம் பேசினார்கள். வராந்தாவில் குணாளன் ஒரு மிட்டாயை உரித்து அவளிடம் நீட்டினார்.

உள்ளே அழைத்து முடிவைச் சொன்னது அம்மையார். நான்காம் அத்தியாயத்தைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக எழுத வேண்டும். ஒரே ஒரு துணுக்கு போதாது, குறைந்தது ஆறு வேண்டும். அதற்கு ஆறு மாத அவகாசம். திருத்திய ஆய்வேட்டைச் சபாபதி படித்துக் கையெழுத்திட்ட பிறகுதான் பட்டம். இன்றைக்கு யாரும் அவளை டாக்டர் என்று கூப்பிடப்போவதில்லை. அவளுக்கு ஒரு கணம் அழுகை முட்டியது, ஐந்து வருடத்துக்குப் பிறகு இன்னும் ஆறு மாதம். ஆனால் கேட்கக் கேட்க முதுகு தானாக நிமிர்ந்தது.

சபாபதி ஆய்வேட்டை மூடி அவளிடம் நீட்டினார். "என் பேப்பர ரெஃபரன்ஸ் லிஸ்ட்ல இருந்து எடுத்துடாதீங்க. என்ன தப்புன்னு பேர் போட்டு எழுதுங்க. அந்தப் பழைய ஃபிளேக் மூணு இன்னும் சீல் பண்ணி நைட்ரஜன் பெட்டியிலதான் இருக்கு. அடுத்த வாரம் அனுப்பி வைக்கிறேன். அதையும் நிறுத்தி எடுங்க. எந்தப் பக்கமா மாட்டப்போறீங்க?"

"காசு சுண்டிப் பாத்துக்கிறேன் சார்," என்றாள் ஃபெலிசியா. "ஆறு மாசம் எதுக்கு, மூணே போதும்."